புரோட்டீன் வாளியும் பருப்புச் சட்டியும்

ரொறன்ரோவில் மோர்னிங்சைட் அவெனியூ 875ஆம் இலக்கத்திலிருக்கும் பான் அம் விளையாட்டு மையம் 2015ஆம் ஆண்டுப் பான் அமெரிக்கப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. நீச்சலும் வாள்வீச்சும் அங்கே நடந்தன. பாரம் தூக்கும் போட்டி ஒஷாவாவுக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலைகளில் எங்கள் பிள்ளைகள் 116ஆம் இலக்க பஸ்சில் வந்திறங்கித் தூக்கு தூக்கென்று தூக்குகிறார்கள். உடை மாற்றும் அறையில் ஷேக்கர் போத்தல்கள் சளக் சளக்கென்று சத்தம் போடும்.

அப்படி ஒரு காலையில்தான் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணை, எந்தப் பவுடர் நல்லது?”

“ஜிம்முக்கு வரத் தொடங்கி எவ்வளவு நாள்?”

“இண்டைக்கு மூண்டாம் நாள்.”

சிரிக்க முடியவில்லை. நானும் அந்த வயதில் அதே கேள்வியோடுதான் அலைந்தேன். கட்டுடல் காட்டித் தூள் விற்கிற வியாபாரம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘சாண்டோ’ யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வானுடையது. அவரும் பிற்காலத்தில் தன் பெயரில் கொக்கோத் தூள் விற்றவர்தான். இன்று தகர டப்பாவின் இடத்தில் பிளாஸ்டிக் வாளி நிற்கிறது. அந்த வாளியைச் சுற்றி வளர்ந்த ஆறு நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: பவுடர் குடிக்காமல் தசை வராது.

உண்மை: தசையை வளர்ப்பது பாரம். புரதம் அதற்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும் கையாள்.

எங்களுக்குப் பக்கத்திலேயே, ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2018இல் 49 ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 1,863 பேரின் தரவுகள். கொழுப்பு நீங்கலான உடல் எடை பயிற்சியால் மட்டும் சராசரியாக 1.1 கிலோ கூடியது. மேலதிகப் புரதம் அதோடு சேர்த்தது 0.3 கிலோ. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: மேலதிகப் புரதத்தின் பலன் ஏற்கெனவே பயிற்சியில் ஊறியவர்களுக்கே கூடுதல். மூன்றாம் நாள்காரருக்கு வாளி அவசரமே இல்லை.

வே புரோட்டீன் என்பதும் மாயப் பொருள் அல்ல. பாலைத் திரித்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை வடிகட்டி உலர்த்திய தூள். ஒரு கரண்டியில் 24 கிராம் அளவு புரதம் இருக்கும். நான்கு முட்டையிலும் அவ்வளவுதான். அவித்து உரிக்க நேரமில்லாதவருக்கு அது வசதி. மற்றபடி அதுவும் ஒரு சாப்பாடு.

நம்பிக்கை 2: கூடக் கூட நல்லது.

உண்மை: அதே ஆய்வுத் தொகுப்பு ஒரு எல்லையையும் காட்டியது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம். அதற்கு மேல் தசைக்குச் சராசரியாகப் பெரிய லாபம் தெரியவில்லை. பாரம் தூக்காத சாதாரண ஆளுக்குப் பரிந்துரைக்கப்படுவது 0.8 கிராம்.

அந்தத் தம்பி 70 கிலோ இருப்பார் என்று வையுங்கள். 112 கிராம் வேண்டும். அவருடைய வீட்டுக் கோப்பையை எட்டிப் பார்ப்போம். காலையில் ஐந்தாறு இடியப்பம், சொதி, சம்பல்: 10 கிராம் தேறினால் பெரிய காரியம். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன்: 30. பின்னேரம் தேத்தண்ணியும் ஒரு ரோல்சும்: 5. இரவு புட்டும் கோழிக்கறியும்: 20. மொத்தம் 65. கிட்டத்தட்ட 50 கிராம் துண்டு விழுகிறது.

துண்டு விழும் இடம் எங்கே என்று பார்த்தீர்களா? காலையும் பின்னேரமும். எங்கள் சமையலில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. அது மத்தியானத்திலும் இரவிலும் போய்க் குந்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இடியப்பத்தோடு இரண்டு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் சேர்த்தால் 20. பின்னேர ரோல்சுக்குப் பதிலாக முக்கால் கப் கிரேக்க யோகட் எடுத்தால் 17; ரோல்சின் 5 போக மிச்சம் 12. மத்தியானம் இன்னொரு துண்டு மீன், 12. இரவு கறியில் குழம்பைக் குறைத்து இறைச்சியைக் கூட்டினால் இன்னும் 5 வரும். 114 ஆகிவிட்டது. வாளி இன்னும் கடையிலேயே இருக்கிறது.

யோகட் பிடிக்காதா? ஒரு சின்ன ரின் மீனைத் திறந்து வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுப் பாணுக்குள் வையுங்கள். 20 கிராம்.

நம்பிக்கை 3: பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண்.

உண்மை: நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்த அளவுதான் முக்கியம் என்று 2013இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புக் காட்டியது. ஷேக்கரோடு ஓடத் தேவையில்லை. பஸ் எடுத்து வீட்டுக்குப் போய், குளித்து, ஆறுதலாகச் சாப்பிடலாம்.

நம்பிக்கை 4: சோறு எதிரி, மரக்கறிக்காரருக்குத் தசை வராது.

உண்மை: தசைதான் எரிந்து உடலுக்குச் சக்தி தருகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் பெரிய இரசாயன அறிஞரான லீபிக்கே நம்பினார். அதைச் சோதிக்க 1865இல் ஃபிக், விஸ்லிசெனஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் புரதம் இல்லாத மாப்பண்டமும் சீனி போட்ட தேநீருமாகச் சுவிற்சர்லாந்தின் ஃபௌல்ஹோர்ன் மலையில் ஏறினார்கள். வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேமித்து அதிலிருந்த நைதரசனை அளந்தார்கள். உடலில் எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குக் காணாது என்று தெரிந்தது. பாரம் தூக்குகிறவருக்கு எரிபொருள் மாச்சத்து. சோற்றை நிறுத்திவிட்டு ஸ்குவாட் செய்யப் போனால் மூன்றாவது செட்டில் முழங்கால் நடுங்கும்.

மரக்கறிக்காரருக்கும் வழி இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரு கோப்பையில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரு கப் அவித்த மைசூர்ப் பருப்பில் 18 கிராம் புரதம். ஆனால் கப் என்றால் கப். சோற்றின் தலையில் இரண்டு கரண்டி தண்ணிப் பருப்பு விட்டுவிட்டுக் கணக்கு எழுதக் கூடாது. கடலை, பயறு, டோஃபு எல்லாம் கைகொடுக்கும். உலர்ந்த சோயா மீற்றின் எடையில் பாதி புரதம். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் தெரியவில்லை.

நம்பிக்கை 5: புரோட்டீன் எடுத்தால் கிட்னி போய்விடும்.

உண்மை: இதைச் சொல்வது பெரும்பாலும் அம்மாமார். முழுக்கப் பிழை என்று தள்ளிவிட முடியாது. சுகமான சிறுநீரகம் உள்ளவர்களிடம் கூடுதல் புரதம் அதைப் பழுதாக்கியதாக, 2018இல் வெளியான 28 ஆய்வுகளின் தொகுப்பில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வைத்தியர்கள் புரதத்தை அளந்துதான் கொடுக்கிறார்கள். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பவருக்குத்தான் ஆபத்து.

இங்கேதான் எங்கள் சமூகம் நின்று யோசிக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட. மற்றவர்களைவிட இளவயதிலேயே வருவதுமுண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இவை இருந்தால், குடும்ப வைத்தியரிடம் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு அம்மாவோடு வாதாடலாம்.

கிரியேட்டின் எடுப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிரியேட்டினின் அளவு கொஞ்சம் உயர்ந்து காட்டும். சொல்லாவிட்டால் இருவருக்கும் வீண் பதற்றம். கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. மீனிலும் இறைச்சியிலும் உள்ள பொருள், எங்கள் உடலும் செய்வது. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும்.

நம்பிக்கை 6: பெரிய வாளிதான் லாபம்.

உண்மை: வாளியின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் திருப்பி வாசியுங்கள். ‘மாஸ் கெயினர்’ என்று பெரிய எழுத்தில் வருபவை சிலவற்றில் ஒரு முறைக்கான அளவிலேயே 1,000 கலோரிக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாப்பொருள். உடம்பு வைக்காத மெலிந்த பிள்ளைக்குப் பாலும் வாழைப்பழமும் நிலக்கடலையும் அடித்துக் கொடுத்தால் அதே வேலை நடக்கும்.

கனடாவில் இயற்கை நலப் பொருளாக விற்க ஹெல்த் கனடாவின் உரிமம் வேண்டும். அதன் அடையாளம் என்பிஎன் என்ற எழுத்துக்களோடு வரும் எட்டு இலக்க எண். கிரியேட்டின், ‘ப்ரீ வேர்க்கவுட்’ போன்றவற்றில் அதைத் தேடுங்கள். உணவாக விற்கப்படும் புரோட்டீன் தூளில் அதற்குப் பதிலாக ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, நண்பரின் நண்பர் பொலித்தீன் பையில் பிரித்துத் தரும் தூளில் இரண்டும் இருக்காது. போட்டிகளில் இறங்கும் பிள்ளைகள் ‘என்எஸ்எஃப் சேர்ட்டிஃபைட் ஃபோர் ஸ்போர்ட்’ அல்லது ‘இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரை உள்ளதை மட்டும் தொடுவது நல்லது. ஊக்கமருந்துச் சோதனையில் ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் எடுபடாது. பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் லக்டோஸ் குறைந்த ‘ஐசோலேட்’ வகையைப் பார்க்கலாம்.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் உடை மாற்றும் அறையில் நின்று சொல்ல முடியவில்லை. சப்பாத்துக் கயிறு கட்டும் நேரம்தான் கிடைத்தது. ஒன்று மட்டும் சொன்னேன்:

“தம்பி, வாளி வாங்க முதல் ஒரு கொப்பி வாங்கும். ஒரு பக்கத்தில தூக்கினதை எழுதும், மற்றப் பக்கத்தில சாப்பிட்டதை எழுதும். மூண்டு மாசத்தால கொப்பியைக் கொண்டு வாரும். பவுடர் வேணுமோ எண்டு இரண்டு பேருமாப் பாப்பம்.”