திருநந்தவனமும் பருவ முறைகளும்

எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கர்யங்களுள் புஷ்ப கைங்கர்யம் தனிச்சிறப்புடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருநந்தவனம் அமைத்துத் திருமாலை ஸமர்ப்பித்தனர். திருமலையில் அனந்தாழ்வான், எம்பெருமானார் நியமனப்படி நந்தவனம் அமைத்ததோடு, அதற்கென ஏரியும் வெட்டினார் என்பது குருபரம்பரைச் செய்தி. நீரை முதலில் தேடி வைத்துப் பின்னர் மலரை எதிர்பார்ப்பதே முறை என்பதை அம்மஹாநுபாவரின் சரிதம் உணர்த்துகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தை அடுத்திருப்பினும் வறண்ட நிலப்பகுதியே. அங்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்கிறது. ஆனால் சூடிக்கொடுத்த நாச்சியாரின் திருமாலை மதுரையில் கள்ளழகருக்குச் செல்வதோ கடும் வெயிற்காலமாகிய சித்திரையில். நீர் மிகக் குறைந்த காலத்தில் மலர் வேண்டப்படுகிறது. இந்நிலை வறண்ட ஊர்த் திருக்கோயில்கள் பலவற்றிற்கும் பொதுவாகும். கிணறு வற்றினால் நந்தவனம் கருகும். திருமாலைக்குக் கடைவீதியை நாட நேரும். ஆதலின் சித்திரை மலருக்கான உழைப்பு புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும்.

புரட்டாசியில் வரப்புகளை உயர்த்தி, பாத்திகளைச் சீர்செய்து, மரங்களைச் சுற்றிக் கிளை பரவும் அளவிற்கு வட்டப்பாத்தி கட்டுதல் வேண்டும். மண்டபங்களின் மேல்தள நீர்த்தாரைகளைத் தூய்மை செய்து, அந்நீர் கிணற்றையோ குளத்தையோ சேருமாறு அமைத்தலும் அப்போதே ஆகவேண்டியது. 100 சதுர மீட்டர் தளத்தின்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 1,000 லிட்டர். அதில் சிறிது வீணானாலும் எஞ்சுவது அற்பமன்று.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. மழையீரத்தில் வேரூன்றிய செடியே கோடையைத் தாங்கும். அரளி, பவழமல்லி, மகிழ் ஆகியவை ஊன்றியபின் குறைந்த நீரிலேயே வாழும். அரளி நஞ்சுடையதாகையால் அதனைத் திருத்துழாய்ப் பாத்தியினின்றும் விலக்கி நடுவதும், அதனைத் தொட்டபின் கைகழுவுவதும் அவசியம். திருத்துழாயின் வேரில் மழைநீர் தேங்கினால் செடி அழுகுமாதலால் வடிகால் வேண்டும்.

கவாத்து செய்வதற்கும் காலம் உண்டு. மல்லிகையைக் கார்த்திகை நடுவிலும், ஜாதிமல்லிகையை மார்கழி நடுவிலும், முல்லையைத் தை நடுவிலும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்திற்கு வெட்டித் தொழு எரு இடுதல் வழக்கம். இவ்வாறு செய்த மல்லிகை பங்குனி முதலாக நன்கு பூக்கும். சித்திரை வெயிலில் கவாத்து செய்தலும் மிகுதியாக எருவிடுதலும் கூடா. அவற்றால் எழும் இளந்தளிர் நீர் வேண்டி வாடும்.

மாசியில் மண்ணை இலேசாகக் கொத்தி, உலர்ந்த சருகுகளை மூன்று அங்குல கனத்திற்கு மூடாக்காகப் பரப்ப வேண்டும். தண்டினை ஒட்டிச் சருகு சேரலாகாது. களைந்த மாலைகளை நாரும் நூலும் நீக்கி, எவர் காலும் படாத மூலையில் குழியிலிட்டால் அவை நல்ல எருவாகும். எம்பெருமான் சூடிக்களைந்த மலர் அடுத்த மலருக்கு உணவாவது எத்துணை பொருத்தம்!

சித்திரை, வைகாசியில் தினந்தோறும் சிறிது நீர் தெளிப்பது பயன் தராது. அது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். வேரூன்றிய செடிகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை, விடியற்காலையில் ஆழ ஊறும்படி பாய்ச்சுதலே நன்று. இளஞ்செடியின் அருகே, அடியில் துளையிட்டுப் பருத்தித் திரி செருகிய மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், ஈரம் சிறிது சிறிதாக வேரைச் சேரும். திருத்துழாயில் கதிர்களை முற்றவிடாமல் அவ்வப்போது கொய்தால் செடி நெடுநாள் தழைக்கும். மஞ்சரியுடன் கூடிய திருத்துழாய் அர்ச்சனைக்கும் உகந்தது. துவாதசியில் மட்டும் பறிக்கலாகாது.

ஆனி, ஆடியில் வீசும் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சுமாதலால் மூடாக்கைப் புதுப்பித்தல் வேண்டும். ஆடிப்பூரத்தன்று, நாச்சியார் அவதரித்த திருத்துழாய் வனத்தை நினைந்து ஒரு பாத்தி புதிதாக இடுவதும் தகும்.

உத்ஸவத்திற்கு வரும் ஆஸ்திகர்கள் இக்கைங்கர்யத்தில் எளிதாகப் பங்குபெறலாம். குழாயடியில் நீரை வீணாக்காமையும், பாத்திகளை மிதியாமையும், நந்தவனத்தில் நெகிழிப் பைகளை எறியாமையும் கைங்கர்யங்களே. திருமாலையை ஸேவிக்கும்போது, அதன் பின்னே ஆண்டு முழுவதும் குனிந்து உழைத்த கைகளையும் நினைத்தல் வேண்டும். ஐப்பசியில் காத்த ஒவ்வொரு குடம் நீரும் சித்திரையில் எம்பெருமான் திருமார்பை மலராகச் சென்று சேரும்.