கிணற்றில் இருப்பு எவ்வளவு? – பிள்ளைகளோடு ஒரு கோடைப் பாடம்

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் என்றால் நம் ஊரில் உடனே இரண்டு கேள்வி வரும். "படிப்பு ஏறலையா?", "வீட்டுல கஷ்டமா?" இந்த இரண்டும் இல்லாமல், பெற்றோரே விரும்பி வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கும் குடும்பங்கள் இப்போது ஆங்காங்கே இருக்கின்றன. துறையூர் பக்கம் என் தோட்டத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி அப்படி ஒரு குடும்பம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. பதினாலு வயது நிறைந்த பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பது பெற்றோரின் திட்டம்.

இந்தக் கோடையில், ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, அந்தப் பிள்ளைகள் வாரத்தில் நாலு நாள் என் தோட்டத்துக்கு வந்தார்கள். நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகுதான் இந்த ஐந்து ஏக்கர். அதனால் பாடத்தைக் கணக்கிலிருந்தே தொடங்கினோம். நம் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பாடம்: வரவும் செலவும்

"கிணத்துல எவ்வளவு தண்ணி இருக்கு தாத்தா?" என்று சின்னவன் கேட்டான். நம்மில் பலரும் இதற்கு "ஒரு மணி நேரம் ஓடும்" என்றுதான் பதில் சொல்வோம். அது லிட்டரில் எவ்வளவு? 200 லிட்டர் பேரலைக் குழாய்க்கு நேரே வைத்தோம். பெரியவள் கைபேசியில் நேரம் பார்த்தாள். மூன்று தடவை பிடித்ததில் சராசரி 50 விநாடி. அப்படியானால் விநாடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் மோட்டார் காற்று வாங்கிவிடும். மறுநாள் காலைக்குள் ஊறிவிடும். ஆக, கிணற்றின் அன்றாட வரவு 14,400 லிட்டர்.

அடுத்து செலவு. தென்னை 200 மரம். சொட்டுநீரில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் என்று 12,000 லிட்டர். காய்கறி 10 சென்ட். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். இதை ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். 10 சென்ட் 400 சதுர மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 2,000 லிட்டர். மாடுகளுக்கு 300. மொத்தச் செலவு 14,300 லிட்டர். கையிருப்பு வெறும் 100 லிட்டர்!

பழைய நோட்டு ஒன்றில் பற்று, வரவு, இருப்பு என்று மூன்று பத்தி போட்டுக் கொடுத்தேன். தினமும் மோட்டார் ஓடிய நேரத்தை எழுத வேண்டியது சின்னவன் பொறுப்பு.

இரண்டாம் பாடம்: ஏரியும் காவிரியும்

மே முதல் வாரம் இரண்டு இடம் கூட்டிப் போனோம். ஒன்று, பக்கத்து ஊர் ஏரி. கரை, மதகு, மிகைநீர் வெளியேறும் கலங்கல், வாய்க்கால் என்று நடந்தே பார்த்தார்கள். ஏரி காய்ந்து கிடந்ததால் மதகின் உள்ளே வரைக்கும் பார்க்க முடிந்தது. மடை திறக்கும் பொறுப்பில் பல காலம் இருந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். "தண்ணி குறைஞ்ச வருசம் என்ன செய்வீங்க?" என்று பெரியவள் கேட்டாள். அவர் சொன்னார்: "ஆயக்கட்டு முழுக்க நட மாட்டோம் பாப்பா. ஆளுக்குப் பாதி. முழுக்க நட்டுட்டு முழுக்கக் காயவிடுறதை விட, பாதி நட்டு பாதி வெளஞ்சா எல்லார் வீட்டுலயும் நெல்லு இருக்கும்." அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்னொன்று, கல்லணை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அதற்கு முன்னால் போனால் கட்டுமானத்தை நன்றாகப் பார்க்கலாம். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் இந்த அணைக்கு ஏறத்தாழ 2000 வயது. ஆழமான மணலில் அடித்தளம் எப்படிப் போட்டார்கள் என்பதுதான் பாடம். போகும் வழியில் கணுக்கால் அளவே ஓடிய காவிரியில் இருவரையும் அசையாமல் நிற்கச் சொன்னோம். அவர்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். ஓடும் தண்ணீர் காலடி மணலை அரிக்க, பாதம் மெல்லப் புதைந்தது. ஓரளவு புதைந்ததும் நின்றுவிட்டது. பெரிய பாறையைப் போட்டாலும் இதுதான் நடக்கும். புதைந்த பாறை மேல் இன்னொரு பாறை, இடையில் களிமண் என்று அடுக்கி எழுப்பியதுதான் கல்லணை. 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பல அணைகளைக் கட்டினார். பாதம் புதைந்த பிள்ளைக்கு இதைப் புத்தகத்தில் தனியாகப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் பாடம்: இருப்பு போதாதபோது

மே இரண்டாம் வாரம் சின்னவன் நோட்டோடு ஓடி வந்தான். "மோட்டார் 45 நிமிசம்தான் ஓடுச்சு தாத்தா." மூன்று நாளும் அப்படியே. வரவு 10,800 லிட்டர், செலவு 14,300. துண்டு விழுவது 3,500. வங்கியில் ஓவர் டிராஃப்ட் கொடுப்பார்கள், கிணறு கொடுக்காது.

"நீங்களே முடிவு செய்யுங்க, அதன்படிதான் நாளைக்கு வால்வு திறப்பேன்" என்றேன். இதுவரை செய்ததெல்லாம் பயிற்சி. இது நிஜம். சின்னவன், காய்கறியை விட்டுவிடலாம், தென்னை போனால் திரும்ப வர வருடக்கணக்கில் ஆகும் என்றான். நியாயம்தான். ஆனால் அந்தப் பாத்தியில் எட்டு வருடமாக நாங்களே விதை எடுத்துவரும் நாட்டுக் கத்தரி இருந்தது. விதைக்கு விட்ட காய்கள் இன்னும் பழுக்கவில்லை. அதைக் காய விட்டால் விதை போச்சு. பெரியவள் அழுதேவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அம்மாவையும் பேச வேண்டாம் என்று ஜாடை காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஏரிப் பெரியவர் சொன்னதை எடுத்தாள். "எல்லாத்துக்கும் கொஞ்சம் குறைச்சா?" மரத்துக்கு 45 லிட்டர் என்றால் 9,000. காய்கறியில் விதைக்கு விட்ட 5 சென்ட் மட்டும், 1,000. மாட்டுக்கு 300, அதில் குறைக்கக் கூடாது. மொத்தம் 10,300. 500 லிட்டர் கையில் மிச்சம். ஆனால் மரம் தாங்க வேண்டுமே? வட்டப்பாத்தியில் மூடாக்குப் போட்டோம். தேங்காய் உரிமட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, மேலே காய்ந்த ஓலை. 200 மரத்துக்கும் போட்டு முடிக்க ஆறு நாள் ஆனது. பிள்ளைகள் கை முழுக்க நார் கீறல். ஒருத்தரும் சலிக்கவில்லை, அது அவர்கள் எடுத்த முடிவு அல்லவா!

மே கடைசியில் ஒரு மழை. நேர்ப்பக்க டப்பாவில் ஸ்கேல் வைத்து அளந்ததில் 25 மில்லிமீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்! குறைந்துபோன இப்போதைய கணக்கில், நம் கிணற்றின் ஒன்பது நாள் வரவுக்கு மேல் ஒரு ஏக்கரில் ஒரே மழையில் இறங்குகிறது. வரப்பை உயர்த்த வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். மரம் வாடவில்லை. கத்தரியும் பழுத்தது, விதை எடுத்துச் சாம்பல் புரட்டிக் காய வைத்தாயிற்று.

நீங்களும் செய்து பாருங்கள்

1. பேரலும் கடிகாரமும் வைத்து உங்கள் மோட்டார் விநாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள்.

2. ஓடிய நேரத்தைத் தினமும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கு இருந்தால் கிணறு இறங்குவது முன்கூட்டியே தெரியும்.

3. எண்ணி 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 முளைக்க வேண்டும். உங்கள் விதை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

4. மழை பெய்தால் டப்பாவில் அளந்து, உங்கள் நிலத்துக்கு எத்தனை லிட்டர் என்று போடச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறு போதும். ஆனால் ஒன்று. அளந்து வந்து சொல்லும்போது "சரி சரி, போய் விளையாடு" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கணக்கை வைத்து ஒரு முடிவாவது எடுங்கள். எத்தனை சென்ட் நடுவது, எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று. தன் கணக்கால் தோட்டம் நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை, விவசாயத்தைப் படிப்பு ஏறாதவன் வேலை என்று நினைக்காது. நமக்குப் பிறகு நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், இப்போதே நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.