அம்மாவின் மாத்திரையில் எவ்வளவு பால்?

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

அக்கா நேற்று போனில் பேசினாள். வயிற்றுப்போக்கு என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒன்பது நாளாகப் போடவில்லையாம். "அதுல பால் இருக்குன்னு கதிர் கண்டுபிடிச்சிட்டான்டா" என்று பெருமை வேறு. அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியாததா? கல்யாண வீட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டு அவள் பட்ட பாட்டையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் நான்.

நீ தேடியதில் தப்பில்லை. நம்மூர் மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மற்றதையெல்லாம் பெரும்பாலும் 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.', அதாவது தேவையான அளவு துணைப்பொருட்கள், என்று முடித்துவிடுவார்கள். அதையும் தாண்டிப் போய் லாக்டோஸைப் பிடித்திருக்கிறாய். மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்ற எனக்கு அது பிடித்தது. ஆனால் பெயரைப் பார்த்தவன், எடையைப் பார்க்காமல் விட்டுவிட்டாய்.

அக்கா போடுவது ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம். பத்து மில்லிகிராம் என்பது ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறைய பாதி. அதை மட்டும் கையில் கொடுத்தால் விரலிடுக்கில் தொலைந்துபோகும். அதனால்தான் நிரப்புப் பொருள் சேர்த்து அழுத்தி வில்லையாக்குகிறார்கள். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் இதற்கு வசதி: விலை குறைவு, எளிதில் கெடாது, மருந்தோடு சண்டை போடாது. இந்த மருந்தை முதலில் கொண்டுவந்த நிறுவனத்தின் 10 மில்லிகிராம் மாத்திரையில் அது சுமார் 90 மில்லிகிராம். நம்மூர்த் தயாரிப்புகளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். மாத்திரையில் இருப்பது இரண்டு மில்லி பாலில் உள்ள அளவு. அரை டீஸ்பூன்கூட இல்லை. சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவைக் கிளப்புகின்றன. வயிறு உப்புவதும் கடமுடவென்று சத்தம் போடுவதும் அதனால்தான். அதற்கும் ஓர் அளவு வேண்டும். இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள்.

இன்னொன்று. பால் ஆகாத உன் அம்மா மத்தியானம் தவறாமல் ஒரு டம்ளர் மோர் குடிக்கிறாள், இல்லையா? பால் தயிராக உறைந்தபோது கொஞ்சம் லாக்டோஸ் குறைந்துபோயிருக்கும்தான். அப்படியும் அந்த மாத்திரையில் இருப்பதைப் போலப் பல மடங்கு அந்த டம்ளரில் மிச்சம் இருக்கும்.

அப்படியானால் வயிற்றுப்போக்கு எதனால்? போன மாதம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்தார்களே, என் சந்தேகம் அதன் மேல்தான். வயிற்றைக் கலக்குவதில் அது பேர்பெற்றது. சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஸ்டாடினும் சிலருக்கு வயிற்றுத் தொல்லை தரும். எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, வயிறு எந்தத் தேதியில் கெட்டது என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டு.

பிறவியிலேயே லாக்டேஸ் அறவே இல்லாதவர்களும் காலக்டோஸைச் சமாளிக்க முடியாத அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்களும் இந்த 90 மில்லிகிராமையும் தவிர்க்க வேண்டும். பால் புரத ஒவ்வாமை வேறு சங்கதி. அக்கா இவற்றில் எதிலும் சேர்த்தியில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லையென்றால் லாக்டோஸ் சேர்க்காத ஸ்டாடினும் கிடைக்கும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்று கைக்கு வரும்வரை பழையதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில வாரத்திலேயே கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். போன வருடம்தான் அவளுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மறந்துவிடாதே.

காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்து ஒன்பது நாள் விட்டுப்போனதைச் சொல். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மாத்திரையாகக் கொடுத்துவிடாதே, வழக்கம்போல் ஒன்றுதான்.

அன்புடன்,
மாமா