பாடம் 12: ஒரு பெரிய கமராவின் கதை

பிள்ளைகளே, போனில் படம் எடுக்க எவ்வளவு நேரம் வேணும்? ஒரு தட்டு தட்டினால் போதும். பிடிக்காவிட்டால் அழிச்சிட்டு இன்னொன்று எடுப்பீர்கள்.

இப்போது ஒரு பெரிய மரப்பெட்டியை நினைச்சுப் பாருங்கோ. முன்னால் லென்ஸ், பின்னால் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால், எதிரே நிற்பவர் தலைகீழாகத் தெரிவார்! பழைய பெரிய கமரா இப்படித்தான் இருந்தது.

ஜூலியா மார்கரெட் கமரன் என்பவருக்கு அந்தக் கமரா என்றால் உயிர். பெயரிலேயே பாதிக் கமரா இருக்கு, பார்த்தீர்களா? அவர் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல் அவருக்கு வயது 48. மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தன் வீட்டுக் கோழிக்கூட்டையே அவர் படம் எடுக்கும் இடமாக மாற்றிவிட்டார்!

வேலை லேசானது இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் மருந்து பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். படத்துக்கு இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு கமரன் இன்னும் பெரிய கமரா வாங்கினார். அதன் தகடு 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். தகடு எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவு பெரிது. அதனால் முகத்தில் உள்ள சுருக்கம்கூடப் பெரிதாகத் தெரியும். அறிஞர் டார்வினை அவர் 1868-இல் எடுத்த படம் இன்றும் புகழ்பெற்றது.

1875-இல் கமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது. அங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. படம் கழுவ நல்ல தண்ணீரும் மருந்தும் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் அவர் கமராவை விடவில்லை. களுத்துறை ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் எடுத்தார். அவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1879-இல் அவர் இலங்கையிலேயே காலமானார்.

இப்போது யோசியுங்கோ. டார்வினின் படத்தில் டார்வின் என்று பெயர் இருக்கிறது. இலங்கைப் படம் ஒன்றின் பெயரோ "களுத்துறைக் குடியானவர்கள்" என்று மட்டும்தான். அதே கமரா, அதே பொறுமை. அவர்களும் அசையாமல்தான் இருந்தார்கள். முகம் நமக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. கமரா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குப் பெயர் தெரியாது. பெயரை நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

கமரன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிளேஸ்டோவில் டிஸ்ட்ரிக்ட் ரெயில் ஏறினால், மாறாமலே சவுத் கென்சிங்டனில் இறங்கிவிடலாம்.

அருஞ்சொற்கள்
தகடு – மெல்லிய, தட்டையான துண்டு
இருட்டறை – வெளிச்சம் புகாத அறை
குடியானவர் – பயிர் செய்பவர்

பயிற்சி
1. பெரிய கமராவின் கண்ணாடியில் ஆட்கள் எப்படித் தெரிவார்கள்?
2. கண்ணாடித் தகட்டை ஏன் உடனே கழுவ வேண்டும்?
3. டார்வினின் படத்துக்கும் இலங்கைப் படத்துக்கும் என்ன வேறுபாடு?

செய்து பாருங்கள்
வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். "இது ஆர்? எந்த ஊர்? எந்த வருஷம்?" என்று அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். விடையைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாகத் தமிழில் எழுதுங்கள்.