வரையாத இடத்துக்கும் உருவம் உண்டு

நம்பிக்கை: உருவத்தைச் சுற்றியுள்ள இடம் வெறுமை. கடைசியில் ஒரு நிறத்தைப் பூசிவிட்டால் போதும்.

கொழும்பின் முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாணவரின் சித்திரக் கொப்பியைப் புரட்டுங்கள். நடுவில் ஒரு பூ, ஒரு மீன் அல்லது கடலில் ஒரு வள்ளம் இருக்கும். மிகுதித் தாள் முழுவதும் அவசரமாகத் தேய்த்த நீலப் பாஸ்டல். பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. மனிதக் கண்ணின் பழக்கமே அது.

கிண்ணமாகவும் எதிரெதிர் நோக்கும் இரண்டு முகங்களாகவும் மாறிமாறித் தெரியும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் உளவியலாளர் எட்கார் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற படம் அது. ஓர் எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கம் இருந்தாலும், கண் அந்தக் கோட்டை ஒரு பக்கத்துக்கே உரிமையாக்கிவிடும். கிண்ணம் தெரியும்போது முகங்கள் உருவிழந்து பின்னணியாகும். முகங்கள் தெரியும்போது கிண்ணம் மறையும். ஆனால் தாளில் இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான். கிண்ணத்தின் கழுத்தைச் சற்று ஒடுக்கினால் முகங்களின் மூக்கு நீண்டுவிடும். உருவம் நிற்கும் இடத்தை நேர்வெளி என்றும், அதைச் சூழ்ந்தும் அதன் இடுக்குகளில் புகுந்தும் கிடக்கும் இடத்தை மறைவெளி என்றும் சொல்கிறோம். ஒன்றைத் தொடாமல் மற்றதை வரைய எவராலும் முடியாது.

நம்பிக்கை: கோலம் பார்த்துப் போடும் வேலை. அதில் சித்திரம் கற்க ஒன்றுமில்லை.

இதை மறுப்பதற்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன். நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த பாடக் கருவியை வாசலிலேயே விட்டுவிட்டு, வகுப்பில் வேறெதையோ தேடிக்கொண்டிருக்கிறோம். முகத்துவாரத்துத் தொடர்மாடிகளில் மண்முற்றம் கிடையாது. அதனால் என்ன? சீமெந்துத் தரையும் ஒரு துண்டு வெண்கட்டியும் போதும்.

மூன்று வரிசையில் மும்மூன்றாக 9 புள்ளிகள் வையுங்கள். அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் கோடுகள் குறுக்கிடும்படி, புள்ளிகளைச் சுற்றிக் கம்பிக் கோலம் இழுங்கள். கோடுகள் 12 இடங்களில் குறுக்கிடும். இப்போது பிள்ளையிடம், “இதில் எத்தனை அறைகள்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் 9 என்றுதான் பதில் வரும், ஏனென்றால் புள்ளியுள்ள அறைகளைத்தான் கண் எண்ணும். விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். நான்கு புள்ளிகள் கூடும் இடங்களில், புள்ளியே இல்லாத 4 அறைகள் வெளிப்படும். அவற்றை எவரும் தனியாக வரையவில்லை. சுற்றிவந்த கோடுகளின் நடுவில் அவை தாமாகவே பிறந்தன.

அடுத்து இரண்டு நிறங்கள் கொடுங்கள். ஒரே கோட்டை எல்லையாகக் கொண்ட இரண்டு அறைகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது என்பது மட்டும் விதி. சதுரங்கப் பலகை போல இரண்டே நிறங்களில் வேலை முடிந்துவிடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்று தொடங்கிய இடத்திலேயே முடியும் எந்தக் கோலத்துக்கும் இது பொருந்தும். இதைக் கணிதத்தில் நிறுவ முடியும். நம் கோலத்தில் புள்ளியுள்ள 9 அறைகளும் ஒரு நிறம் பெறும். நடுவிலுள்ள 4 அறைகள் மற்ற நிறம் பெறும். கோலத்துக்கு வெளியே கிடக்கும் தரையும் அந்த இரண்டாம் நிறத்தையே கேட்கும்! வெளித்தரையும் உள்ளே இருக்கும் அந்த 4 அறைகளும் ஒரே வெளியின் பகுதிகள் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். மறைவெளிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

அறிஞர்கள் கோலத்தைச் சாதாரணமாக எண்ணவில்லை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974இல் வெளிவந்தது. கணினித்துறையின் வடிவ மொழிகள் பற்றிய ஆய்வில் அதற்குத் தனி இடம் உண்டு. கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற பேச்சுக்கும், ஒரு சமயத்தவருக்கு மட்டும் உரியது என்ற பேச்சுக்கும் வகுப்பறையில் இடமில்லை. கோடும் புள்ளியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

இன்னொரு தவறான எண்ணம், கறுப்பாக இருப்பது உருவம், வெள்ளையாக இருப்பது பின்னணி என்பது. வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்து பழகியதால் வந்தது இது. கோலத்தில் வெள்ளைதான் கோடு, இருண்ட தரைதான் வெளி. பத்திக் துணியில் இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்னும் ஆழமானது. மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. எனவே துணியில் வெள்ளையாக நிற்க வேண்டியதை முதலில் மெழுகால் காத்துவிட வேண்டும். அதன்பின் வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும். சாயம் எங்கே போகக்கூடாது என்பதை முதலில் தீர்மானிக்கத் தெரிந்தவரே அங்கே கலைஞர். இலங்கையில் பத்திக்குக்குப் புத்துயிர் கொடுத்த ஈனா டி சில்வா, ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையைத் தம் பத்திக் துணிகளால் நிறைத்தார். மெழுகைக் கையாள வசதியில்லாத பள்ளியில் மெழுகுதிரியால் தாளில் கோடு இழுத்து, மேலே நீர்வர்ணம் தடவினாலே பிள்ளைகளுக்கு இது விளங்கிவிடும்.

நம்பிக்கை: எவ்வளவு நெருக்கமாக அலங்காரம் நிரப்புகிறோமோ அவ்வளவு நல்ல சித்திரம்.

கையின் புறக்கோட்டை வரைந்து உள்ளே வளையம், செதில், கொடிக்கருக்கு, கட்டம் என்று நிரப்பச் சொல்வது நல்ல பயிற்சிதான். ஆனால் கைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நெருக்கத்தில் நிரப்பினால் கை காணாமல் போகும். உள்ளே நெருக்கம் என்றால் வெளியே தளர்வு வேண்டும். உள்ளே வளைகோடு என்றால் வெளியே நேர்கோடு வேண்டும். அல்லது ஒரு பக்கத்தை முழுவதும் வெறுமையாக விட்டுவிட வேண்டும். இந்தத் தெரிவைப் பிள்ளை செய்வதுதான் பாடம். அதைச் செய்யாமல் இரண்டு மணிநேரம் நிரப்பினால் பொறுமை வளரலாம், பார்வை வளராது.

மறைவெளியைப் பார்ப்பது வலது மூளையின் திறமை, அது சிலருக்கே வாய்க்கும் என்றும் சொல்கிறார்கள். இதில் வலது மூளை என்ற எண்ணம் அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. பின்னர் 1981இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெரியின் மூளை ஆய்வுகளை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார். கதிரையை வரையாமல், அதன் கால்களுக்கு இடையிலுள்ள வெளிகளை வரையச் சொல்லும் அவருடைய பயிற்சி அருமையானது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு அவர் தந்த மூளை விளக்கம் அளவுக்கு மீறி எளிமையாக்கப்பட்டது. வரையும்போது மூளையின் இரு பாதிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. “உனக்கு அந்த மூளை இல்லை” என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். இது பழக்கத்தால் வருவது.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளையின் சித்திரத்தைத் திருத்தும்போது, பூ எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் பூவைச் சுற்றியுள்ள இடத்தின் உருவத்தைப் பாருங்கள். அதைப் பற்றி ஒரு கேள்வியாவது பிள்ளையிடம் கேளுங்கள்.