கிடங்குக் கட்டர் வேலை: காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்க வேண்டியது

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை பதிவாயிற்று. சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் 2,400 சதுர அடித் தகரக் கூரை போட்ட கிடங்கு ஒன்று இருந்தால், கணக்குப்படி அந்தக் கூரையில் மட்டும் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் இறங்கியிருக்கும். அவ்வளவும் கட்டர் வழியே வெளியேற வேண்டும். வேலை மோசமாக இருந்தால் சரக்கின் மேல்தான் இறங்கும்.

பெரும்பாலும் கோளாறு வாட்டத்தில்தான். குழாய் இருக்கும் பக்கமாகப் பத்தடிக்கு அரை அங்குலமாவது இறக்கம் வேண்டும். இணைப்புகளில் ரிவிட் அடிக்காமல் சிலிகானை மட்டும் பூசிவிட்டுப் போவதும் உண்டு. ஒரு கோடை வெயிலுக்கே அது பிளந்துவிடும். இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் போடும் கட்டரில் கூடுதல் கவனம் தேவை. ஓரக் கட்டர் வழிந்தால் தண்ணீர் வெளியே போகும், இது வழிந்தால் மூட்டைமேல் விழும். பைனல் பில் கொடுக்குமுன் ஹோஸ் குழாயால் கடைக்கோடியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. பத்து சதவீதத்தைப் பொங்கல் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பருவமழையைவிடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் கிடையாது!

ஒர்க் ஆர்டரில் அளவும் விலையும் எழுதுகிறோம். "கீழே பருப்பு, அரிசி மூட்டைகள் அடுக்கப்படும், ஒழுகினால் சரக்கு கெடும்" என்ற வரியை யாரும் எழுதுவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக நேரும் நஷ்டத்தையும், இன்ன நஷ்டம் வரக்கூடுமென்று ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் அறிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். அந்த ஒரு வரி இருந்தால், சரக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று காண்ட்ராக்டர் சொல்ல முடியாது.

ஒழுகத் தொடங்கியதும் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு, மூட்டைகளை உடனே நகர்த்தித் தார்ப்பாய் போடுங்கள். தடுத்திருக்கக்கூடிய நஷ்டத்தைப் பிறகு கேட்க இயலாது. குறைகளைக் குறிப்பிட்டு, சரிசெய்யக் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டினால், சம்பந்தமில்லாத பொறியாளரிடம் அறிக்கை வாங்கிய பிறகே வேறு ஆளை வைத்துப் பிரியுங்கள். பிரித்துவிட்டால் சாட்சி போய்விடும்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பார்கள் சிலர். வியாபார நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை நுகர்வோராக ஏற்பதில்லை. வீட்டுக் கட்டர் என்றால் இரண்டு ஆண்டுக்குள் அங்கே போகலாம். கிடங்குக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். கெடு மூன்று ஆண்டு.