வாசற்காலில் பென்சில் கோடுகள்

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்தரை வயது. பத்தாம் வகுப்பு. உயரம் 188 செ.மீ. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வாசற்காலில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போடுவது எங்கள் வழக்கம். 10 வயதில் 145, 11-ல் 151, 12-ல் 157, 13-ல் 166, 14-ல் 177, 15-ல் 186. நான் 5 அடி 7 அங்குலம், என் கணவர் 5 அடி 10. அவர் என் சொந்த அத்தை மகன். எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா நல்ல நெட்டை. பையன் ஒல்லி, நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி, இப்போது மைனஸ் 5. பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறான். பையன்கள் "ஒட்டடைக்குச்சி" என்கிறார்களாம், கூனிக்கொண்டே நடக்கிறான். எட்டடிக்கு மேல் வளர்ந்து சின்ன வயதிலேயே இறந்த அமெரிக்கரைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டில், தலையில் கட்டி இருந்தால்தான் இப்படி வளரும், இவர்களுக்கு ஆயுசு கம்மி என்கிறார்கள். வளர்ச்சியை நிறுத்த ஊசி இருக்கிறதாமே, போடலாமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, என் கொழுந்தனாரும் ஆறடிக்கு மேல். 38 வயதில் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார்.
- கே.எம்., பொள்ளாச்சி

பதில்: முதலில் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் அம்மா. உங்கள் மகனுக்குத் தலையில் கட்டி இருப்பதாக நினைக்க உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அவன் எட்டடி வளரப் போவதும் இல்லை. அதைச் சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள் போட்ட பென்சில் கோடுகள்தான். என்னிடம் வருகிற பெற்றோரில் பாதிப் பேர் "போன வருஷம் இவ்வளவுதான் இருந்தான் டாக்டர்" என்று கையைக் காற்றில் காட்டுவார்கள். நீங்கள் கணக்கே வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 12 வயது வரை வருடத்துக்கு 6 செ.மீ. அது சாதாரணம். பிறகு 9, அடுத்து 11, அடுத்து மறுபடி 9. கடைசி ஆறு மாதத்தில் 2 செ.மீ. மட்டும். பருவ வயதில் ஆண் பிள்ளைகள் இப்படித்தான் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு மெல்லத் தணிவார்கள். உங்கள் பையன் தணியத் தொடங்கிவிட்டான். சுரப்பிக் கோளாறால் வளர்கிற பிள்ளையின் கோடுகள் இப்படித் தணியாது. மற்றவர்கள் நிற்கும் வயதிலும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளை என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் கணவர் ஏறக்குறைய 178 செ.மீ., நீங்கள் 170. விடை 180.5. இதற்கு மேலும் கீழும் எட்டரை செ.மீ. வரை இயல்பு என்று விட்டுவிடுவோம். அப்படிப் பார்த்தால் 189 வரை அவனுக்கு உரிமையானதுதான். இன்னும் கொஞ்சம் வளர்ந்து அதைத் தாண்டினாலும் வியப்பில்லை. நெட்டைத் தாத்தாவின் பங்கு அவனுக்கு உங்கள் வழியாகவும் வருகிறது, உங்கள் கணவர் வழியாகவும் வருகிறது.

நீங்கள் படித்த அந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோவாக இருக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் ஆல்டன் என்ற ஊர்க்காரர், 1918-ல் பிறந்தவர். 272 செ.மீ., அதாவது ஏறக்குறைய 8 அடி 11 அங்குலம். பதிவான மனிதர்களில் அவரைவிட உயரமானவர் இல்லை. அவருடைய பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி) வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருந்தது. அதை அடக்கும் வழி அன்றைக்கு மருத்துவத்திடம் இல்லை. ஆனால் 1940-ல் 22 வயதில் அவர் இறந்தது, பலர் நினைப்பதுபோல் உயரம் நேரடியாகக் கொன்றதால் அல்ல. நடப்பதற்காகக் காலில் கட்டியிருந்த தாங்கி கணுக்காலில் உரசிக் கொப்புளமானது. அவ்வளவு நீளமான கால்களில் அவருக்கு உணர்ச்சி குறைவு. புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரிந்தது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம்.

இன்றைய கதை வேறு. துருக்கியைச் சேர்ந்த சுல்தான் கோசென் என்பவர் 251 செ.மீ. அவருக்கும் பிட்யூட்டரியில்தான் கோளாறு, ஒரு கட்டி. 2010-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் காமா கத்தி (கதிர்களை ஒரே புள்ளியில் குவித்துக் கட்டியைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்தார்கள். இரண்டு வருடத்தில் வளர்ச்சி நின்றது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் மூக்கு வழியாக அறுவை செய்து கட்டியை எடுத்துவிடலாம், மாத்திரையும் ஊசியும்கூட உண்டு.

அப்படிக் கட்டி இருந்தால் பெரும்பாலும் உயரம் மட்டும் தனியாக வராது. ஓயாத தலைவலி, பக்கவாட்டில் வருவது கண்ணில் படாமல் இடித்துக்கொள்வது, தாடை முன்தள்ளிப் பல் இடைவெளி விடுவது, உள்ளங்கை தடிப்பது, காரணமில்லாத வியர்வை இவற்றில் சிலவாவது கூடவே வரும். எதையும் நீங்கள் எழுதவில்லை. மனம் கேட்கவில்லை என்றால் ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தச் சோதனை) ஒன்று எடுத்தால் போதும். அது சரியாக இருந்தால் தலைக்கு ஸ்கேன் தேவையில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். உயரமான பெண் பிள்ளைகளுக்கு வரன் அமையாது என்று பயந்து, 1950-களிலிருந்து அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை அதிக அளவில் கொடுத்தார்கள். எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு வளர்ச்சி நின்றது உண்மை. அந்தப் பெண்கள் வளர்ந்து கல்யாணமான பிறகு, குழந்தை தங்குவதில் பலருக்குச் சிக்கல் இருந்தது ஆய்வில் தெரியவந்தது. ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகள் அவர்கள். உங்கள் மகன் விஷயத்தில் காலமும் கடந்துவிட்டது. இடது மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும், இன்னும் எவ்வளவு வளர்வான் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். பெரும்பாலும் 17, 18 வயதில் தானாகவே நின்றுவிடும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உயரம் அல்ல. சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கொழுந்தனார் செய்திதான். ஒல்லியான உடல், வேகமாக ஏறிய கண்ணாடிப் பவர், நெட்டையான நெருங்கிய உறவில் 38 வயதில் திடீர் மரணம். மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும்போது மார்ஃபான் நிலையை (உடலைக் கட்டி நிறுத்தும் இணைப்புத் திசு பிறவியிலேயே தளர்வாக இருப்பது) இல்லை என்று உறுதி செய்துகொள்வது என் கடமை.

1896-ல் பாரிஸில் ஆன்டுவான் மார்ஃபான் என்ற குழந்தை மருத்துவர், சிலந்திக் கால்போல் நீண்ட விரல்கள் கொண்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அதனால் அந்தப் பெயர். ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும். திசுவுக்கு வலு கொடுக்கும் ஃபைப்ரிலின் என்ற புரதம் சரியாக உருவாகாததால் எலும்பு நீளும், கண் லென்ஸ் இடம் நகரும், முதுகு வளையும். இவற்றைச் சமாளிக்கலாம். பயப்பட வேண்டிய இடம் பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பி உடல் முழுக்க ரத்தம் கொண்டுபோகும் தலைக்குழாய்). மோட்டார் வேகத்தில் பழைய ஓஸ் ஒரு இடத்தில் உப்பிக்கொண்டு வருவதைத் தோப்பில் பார்த்திருப்பீர்கள். அதுபோல் அந்தக் குழாயின் அடி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் விரியும். ஒருநாள் உள் அடுக்கு கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. பார்ப்பவர்கள் மாரடைப்பு என்றுதான் சொல்வார்கள்.

ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை அப்படித்தான் போனார். 6 அடி 5 அங்குலம், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் தூண். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாற்றி அழைக்கப்பட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் மார்ஃபானும் கிழிந்த பெருந்தமனியும் தெரிந்தன. அதன் பிறகு அவருடைய உடன்பிறந்தார் ஒருவரைச் சோதித்தபோது அவருக்கும் இருந்தது, அறுவை செய்து காப்பாற்றினார்கள்.

உங்கள் வீட்டில் அதுவேதான் என்று நான் சொல்லவில்லை. 38 வயதில் சாதாரண மாரடைப்பு வருவது நம் ஊரில் அரிதல்ல. புகைப்பழக்கம், சர்க்கரை ஏதாவது இருந்ததா என்று விசாரித்து வையுங்கள்.

வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம். பையனைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, கைகளை இரு பக்கமும் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளவெடுங்கள். பொதுவாக அது உயரத்தை ஒட்டியே இருக்கும். அவனுக்கு 197 செ.மீ.க்கு மேல் போனால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி நான்கு விரலாலும் மூடச் சொல்லுங்கள். கட்டைவிரல் நகம் முழுவதும் சுண்டுவிரல் பக்கம் வெளியே எட்டிப் பார்த்தால் அதையும் குறியுங்கள். இவை இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை, இல்லாவிட்டால் கவலையில்லை என்றும் அர்த்தமில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியது எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை). அரை மணி நேரம், ஊசி இல்லை, வலி இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு லென்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டின் அளவையும் பார்த்துவிடலாம். மார்ஃபானைப்போலவே தோற்றமளித்து, ரத்தம் உறையும் ஆபத்தைக் கொண்டுவரும் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் கொஞ்சம் கூடுதல். மிக அரிது. சிலருக்கு பி6 வைட்டமினே மருந்து.

எக்கோ முடிகிற வரை வாலிபால் போட்டியும் ஜிம்மில் எடை தூக்குவதும் வேண்டாம். பயிற்சியாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. குழாயின் அளவு சரியாக இருந்து, மற்றவையும் சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டால் தாராளமாக விளையாடட்டும். ஒருவேளை விரிந்திருந்தாலும் மனம் உடைய வேண்டாம். 1970-களில் மார்ஃபான் உள்ளவர்கள் பலரும் முப்பதுகளிலேயே இறந்தார்கள். இன்று குழாயின் மேல் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும் வருடாந்திர எக்கோவும் உரிய நேரத்தில் அறுவையும் கிடைப்பவர்கள் எழுபதைத் தொடுகிறார்கள்.

நெட்டையானவர்களுக்கு ஆயுசு கம்மி என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். நோயில்லாமல் இயல்பாக உயர்ந்தவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு. இதயத் துடிப்பு தாறுமாறாவதும் காலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகம். ஆக, லாபமும் உண்டு நஷ்டமும் உண்டு. ஒன்றை மட்டும் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சிகரெட் தொடவே கூடாது. ஒல்லியான நெட்டை இளைஞர்களுக்கு நுரையீரலின் மேல் முனையில் சிறு குமிழி வெடித்துக் காற்று நெஞ்சுக்குள் கசிவது உண்டு. புகைத்தால் அந்த ஆபத்து பல மடங்காகும். திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்தால் வாயுத்தொல்லை என்று ஓமவாட்டர் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கூனல் பாதி வெட்கத்தால், பாதி மேசை நாற்காலியால். ஐந்தரை அடிக்காரனுக்குச் செய்த பெஞ்சில் அவன் முழங்காலை எங்கே வைப்பான்? கடைசி வரிசையில் ஓரமாகக் காலை நீட்ட இடம் கேளுங்கள். வீட்டில் படிக்கும் மேசையின் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். கட்டில் கடையில் பெரும்பாலும் ஆறேகால், ஆறரை அடிக்குத்தான் கிடைக்கும், ஆசாரியிடம் சொல்லி ஏழடிக்குச் செய்துகொள்ளுங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். நிமிர்ந்து நின்றும் முதுகு வளைந்தே தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்கம்தான் மருந்துக்கு மசியாதது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரரைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். தன் எலும்பை யாரும் எடுத்துவிடக் கூடாது, கடலில் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும், 1783-ல் இறந்தபின் ஒரு மருத்துவர் உடலைக் கைப்பற்றி எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தார். 2023-ல்தான் அதை வைத்திருந்த அருங்காட்சியகம் காட்சியிலிருந்து விலக்கியது. என் தொழிலைச் சேர்ந்தவர் செய்த காரியம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் "எங்கே, பக்கத்தில் நில்லு பார்க்கலாம்" என்று அவனை நிறுத்திக் காட்டுவதும் அந்த ரகம்தான். உங்கள் வீட்டில் நடக்கிறதா தெரியாது, நடந்தால் நிறுத்திவிடுங்கள். கோடு போடுவதையும் இனி அவன் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்த வாசற்காலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கணவருக்கும் எக்கோ எடுக்க வேண்டும். இறந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. மார்ஃபான் உள்ளவர்கள் எல்லோருமே பெரிய நெட்டையாக இருப்பதில்லை. தனக்கு ஒன்றுமில்லை, வேலை கிடக்கிறது என்பார், விடாதீர்கள். கொழுந்தனாருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். அறிக்கைகளில் பெருந்தமனியின் அடிப்பகுதிக்கு நேரே ஓர் அளவு போட்டிருக்கும். எல்லோருடைய எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.